திருவனந்தபுரம் திரைப்பட விழா 2024: நான்கு நாளில் இருபது படங்கள், என் பட்டியலைச் சரிபார்த்துத் தாருங்கள்

மேலமாசி (மதுரை) – 5 டிசம்பர், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் 13 முதல் 20 வரை நடைபெறவுள்ள 29ஆவது கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு முதன்முறையாக வருகிறேன். கல்லூரியில் எவ்வளவோ கெஞ்சியும் இரண்டு நாள் விடுப்புதான் கிடைத்தது. சனி, ஞாயிறையும் சேர்த்தால் வெள்ளி காலை முதல் திங்கள் இரவு வரை நான்கு நாட்கள் கையில் இருக்கின்றன. 1180 ரூபாய் கட்டி டெலிகேட் (விழாப் பார்வையாளர்) பதிவையும் முடித்துவிட்டேன். புனலூர் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியற்காலை திருவனந்தபுரம் ரயில் நிலையம் உள்ள தம்பானூரில் இறங்கிவிடலாம் என்பதால் முதல் நாளின் முதல் காட்சியைக்கூட விட வேண்டியதில்லை.

பதினைந்து அரங்குகள், 170க்கும் மேற்பட்ட படங்கள் என்றதும் தலை சுற்றியது. ஒரு வாரமாக உட்கார்ந்து கூகுள் ஷீட்டில் பட்டியல் ஒன்று தயாரித்திருக்கிறேன். கான், பெர்லின், வெனிஸ் விழாக்களில் பரிசு பெற்றவற்றுக்குப் பச்சை, விமர்சகர்கள் கொண்டாடியவற்றுக்கு மஞ்சள், மற்றவற்றுக்கு வெள்ளை என நிறம் கொடுத்து, ஒவ்வொரு படத்தின் நீளத்தையும் நிமிடக் கணக்கில் எழுதியுள்ளேன். நாளொன்றுக்கு ஐந்து வீதம் இருபது படங்கள் வருகின்றன. பச்சை மட்டுமே பதினான்கு. இது நடக்கக்கூடிய திட்டம்தானா, எதைச் சேர்க்கலாம், எதை நீக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குமரிக்காரன் (நாகர்கோவில்) – 5 டிசம்பர், இரவு 11.15

தம்பி, ஷீட்டை முழுவதும் பார்த்தேன். நன்றாக உழைத்திருக்கிறீர்கள். படத்தின் நீளம் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. வரிசையின் நீளம் ஒன்றுக்கும் இல்லை. அதுதான் குறை.

ஊரின் அமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கைரளி, ஸ்ரீ, நிளா ஆகிய மூன்றும் தம்பானூரில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நீங்கள் ரயிலிலிருந்து இறங்கிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய்விடலாம். டாகோர் தியேட்டரும் கலாபவனும் வழுதக்காட்டுப் பக்கம். நிசாகந்தி திறந்தவெளி அரங்கு கனகக்குன்னில், அருங்காட்சியகத்துக்கு அருகில். ஸ்ரீ பத்மநாபா கிழக்கேகோட்டைப் பக்கம். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் டாகோரில் பெயர்ப்பட்டியல் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்து, கூட்டத்தோடு வெளியே வந்து, ஆட்டோ பிடித்து, கிழக்கேகோட்டை நெரிசலைக் கடந்து ஸ்ரீ பத்மநாபாவுக்குப் போய்ச் சேரும்போது அங்கே உள்ளே விடுவதை நிறுத்தியிருப்பார்கள். உங்கள் சனிக்கிழமைத் திட்டத்தில் இந்தத் தாவல் இரண்டு முறை வருகிறது.

நான் முதல்முறை போனபோது உங்களைப் போலவே நாளுக்கு ஐந்து என்று கணக்குப் போட்டேன். மூன்றாம் நாள் நான்காவது காட்சியில், பாலைவனத்தில் ஒருவர் ஒட்டகத்தைத் தேடிக்கொண்டிருந்த இடத்தில் கண்ணை மூடினேன். கைதட்டல் கேட்டு விழித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஒட்டகம் கிடைத்ததா என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றுவரை தெரியாது.

ஆகவே நாளுக்கு மூன்று, உடம்பு இடம் கொடுத்தால் நான்கு. வெட்டுவதற்கு என்னிடம் ஒரே ஓர் அளவுகோல் உண்டு. ஆறு மாதத்தில் கைப்பேசிக்கு வந்துவிடக்கூடிய படத்துக்காக விழாவில் வரிசையில் நிற்காதீர்கள். உங்கள் பச்சை நிறப் பதினான்கில் பாதிக்கு மேல் அந்த வகை. 'அனோரா' இந்த ஆண்டு கானின் முதல் பரிசான தங்கப்பனையை வாங்கிய படம். அது எங்கே ஓடிப்போய்விடப் போகிறது?

நொய்யல் (கோவை) – 6 டிசம்பர், காலை 7.05

அண்ணாச்சி சொன்ன வரிசைக் கணக்கோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். நான் ஆய்வு மாணவி, 590 ரூபாய் மாணவர் பாஸில் சென்ற ஆண்டும் வந்திருந்தேன். நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவற்றை ஆங்கிலத் துணைத்தலைப்புகளை வைத்தே புரிந்துகொள்கிறோம். காலையில் அது சிரமமாகத் தெரியாது. மாலை ஆறு மணிக்குப் பிறகு ஸ்பானிய மொழியில் படபடவென்று சண்டை போடும் குடும்பத்தைப் பார்க்கும்போது எழுத்து ஒரு பக்கமும் முகங்கள் ஒரு பக்கமுமாக ஓட, இரண்டையும் தவறவிடுகிறோம்.

அதனால் நான் கடைப்பிடிக்கும் வழி இது: அதிகம் பேசும் படங்களையும் நீளமான படங்களையும் காலைக்கு வைத்துக்கொள்வேன், மலையாளப் படங்களை இரவுக்குத் தள்ளிவிடுவேன். மலையாளம் நமக்கு முக்கால்வாசி காதிலேயே புரிந்துவிடும், கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். உங்கள் பட்டியலில் ஈரானிய இயக்குநர் முகமது ரசூலோஃபின் 'தி சீட் ஆஃப் த சேக்ரட் ஃபிக்' இருக்கிறது. 168 நிமிடம் ஓடும், பெரும்பகுதி வீட்டுக்குள் நடக்கும் வாக்குவாதம். அட்டவணையில் அதற்குக் காலைக் காட்சி ஒன்று இருந்தால் அதை எடுங்கள். இரவுக் காட்சி மட்டும் இருந்தால் அன்று மதியம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆலமரத்தடி (சென்னை) – 6 டிசம்பர், பகல் 1.30

குமரிக்காரன் அண்ணாச்சி மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவருடைய அளவுகோலை என்னால் ஏற்க முடியவில்லை. கைப்பேசிக்கு வருமா வராதா என்பதை வைத்துப் படத்தைத் தேர்ந்தெடுத்தால், எந்தப் படம் கைப்பேசியில் செத்துப்போகும் என்ற கேள்வியை நாம் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு மட்டும் சொல்கிறேன். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. பெருந்தொற்றினால் தள்ளிப்போய் 2022 மார்ச்சில் நடந்த 26ஆவது கேரள விழாவில் போட்டிப் பிரிவில் இருந்தது. அங்கே பார்த்தேன். அப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. அந்தப் பெரிய திரையில் பாறையும் புழுதியும் கண்ணைக் கூச வைத்ததும், நான் குளிரூட்டிய அரங்கில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர்ப் புட்டியைத் தேடியதும் நன்றாக நினைவிருக்கிறது. பிறகு அந்தப் படம் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வராமலே 2023 அக்டோபரில் நேராக சோனி லிவ் தளத்துக்குப் போயிற்று. ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடத்தில், "என்னப்பா, நடந்துக்கிட்டே இருக்காங்க" என்று எழுந்து போய்விட்டார். அவர் சொன்னதில் தவறில்லை, ஐந்தரை அங்குலத் திரையில் நடை மட்டும்தான் தெரிகிறது, வெயில் தெரிவதில்லை.

அண்ணாச்சியின் கணக்குப்படி அன்று நான் 'கூழாங்கல்' படத்தை வெட்டியிருக்க வேண்டும். எப்படியும் ஓடிடியில் வரும் தமிழ்ப் படம்தானே! மேலமாசி நண்பரே, உங்கள் ஷீட்டில் நிறத்தை மாற்றுங்கள். இருட்டும் பெரிய திரையும் நல்ல ஒலியும் இல்லாவிட்டால் எது அதிகம் இழக்கும் என்று பார்த்து அதற்குப் பச்சை கொடுங்கள்.

மேலமாசி – 8 டிசம்பர், இரவு 8.20

மூவருக்கும் நன்றி. ஆலமரத்தடி அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு என்மீதே வெட்கப்பட்டேன். 'கூழாங்கல்' படமாக்கப்பட்ட அரிட்டாபட்டி எங்கள் மேலூர்ப் பக்கம். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக அந்த மக்கள் இப்போது போராடிக்கொண்டிருக்கும் செய்தியைத் தினமும் படிக்கிறேன். அந்தப் படத்தை நானும் கைப்பேசியில், அதுவும் பேருந்தில், பாதியாகத்தான் பார்த்தேன். பக்கத்து ஊர் வெயிலைப் பெரிய திரையில் காண ஒருவர் திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஷீட்டை மறுபடி பிரித்ததில் பச்சை எட்டாகக் குறைந்துவிட்டது. இரண்டு ஐயங்கள் உள்ளன. ஒன்று, இந்த ஆண்டு வாழ்நாள் சாதனையாளர் விருது பெறும் ஹாங்காங் இயக்குநர் ஆன் ஹூயின் படங்களைப் பற்றி. பழைய படங்கள்தானே, புதிய படங்களுக்கான நேரத்தை அவற்றுக்குக் கொடுப்பது சரியா? இரண்டு, போட்டிப் பிரிவில் உள்ள பதினான்கு படங்களில் ஒன்றிரண்டின் இயக்குநர்களைத் தவிர மற்றவர்களின் பெயர்களைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் எல்லாமே வெள்ளையில் கிடக்கின்றன. தெரியாத படத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

வன்னிமழை (திருச்சி) – 8 டிசம்பர், இரவு 10.50

மேலமாசி அண்ணை, உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். ஆன் ஹூயின் 'போட் பீப்பிள்' 1982இல் வந்தது. போர் முடிந்த பிறகு வியட்நாமுக்குத் திரும்பி வரும் ஜப்பானியப் புகைப்படக்காரர் ஒருவருக்கு அரசாங்கம் முதலில் சிரிக்கும் பிள்ளைகளைக் காட்டுகிறது. பிறகு அவர் தானாகத் தெருவில் நடக்கும்போது வேறு பிள்ளைகளைக் காண்கிறார். படகு வருவது கடைசியில்தான். ஒரு குடும்பம் எதற்காகப் படகில் ஏறத் துணிகிறது என்பதற்குத்தான் படத்தின் பெரும்பகுதியும் போகிறது. மன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் படகில் வந்த குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் எனக்கு இது பழைய படமாகத் தெரியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் மங்கலான பிரதி ஒன்றில் கணினியில் பார்த்தேன். அந்த முகங்களைத் திரையில் பார்க்கத்தான் இந்தமுறை திருச்சியிலிருந்து வருகிறேன்.

அவருடைய 'எ சிம்பிள் லைஃப்' இதற்கு நேர் எதிரான அமைதியான படம். ஒரு வீட்டில் பல பத்தாண்டுகள் வேலை செய்த மூதாட்டியும் அவர் வளர்த்த பிள்ளையும்தான் கதை. அதில் நடித்த டீனி இப்புக்கு 2011 வெனிஸ் விழாவில் சிறந்த நடிகைக்கான பரிசு கிடைத்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்காமல் இருந்தால் நல்லது.

தொடக்கப் படத்தையும் விட்டுவிடாதீர்கள். வால்டர் சாலஸின் 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்', 1971இல் பிரேசிலின் ராணுவ ஆட்சிக் காலத்தில் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராத ரூபன்ஸ் பைவாவின் மனைவி யூனிஸின் கதை. கணவரின் இறப்புச் சான்றிதழ் அவர் கைக்கு 1996இல்தான் கிடைத்தது. 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டாம், பதில்தான் வேண்டும். அவர்களை அறிந்தவர்கள் இந்தப் படத்தை வேறு விதமாகப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

குமரிக்காரன் – 9 டிசம்பர், காலை 6.30

வன்னிமழை எழுதியதற்குப் பிறகு ஆன் ஹூயைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஆலமரத்தடி சொன்னதையும் இரவெல்லாம் யோசித்தேன். பாதி ஒப்புக்கொள்கிறேன். வெயிலுக்கும் மழைக்கும் கடலுக்கும் பெரிய திரை வேண்டும், சரி. ஆனால் நான்கே நாட்கள் இருக்கும் ஒருவர், தியேட்டருக்கும் வரக்கூடிய வெளிநாட்டுப் படத்துக்கு அதில் இடம் கொடுப்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. 'அனோரா' வெட்டுப்படத்தான் வேண்டும்.

போட்டிப் பிரிவுக்கு வருகிறேன். மற்ற பெரிய விழாக்களிலிருந்து இந்த விழாவைப் பிரித்துக் காட்டுவதே அதுதான். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய மூன்று நிலப்பகுதிகளின் படங்கள் மட்டுமே அதில் போட்டியிட முடியும். அவற்றில் சிறந்ததாகத் தேர்வாகும் படத்துக்குத்தான் சுவர்ண சகோரம் விருது. கானில் பரிசு வாங்கியதை எல்லா ஊரிலும் காட்டுவார்கள், இந்தப் பதினான்கில் பலவற்றை மறுபடி பார்க்க வழியே இருக்காது. பல காட்சிகளுக்கு இயக்குநர் நேரில் வந்திருப்பார். படம் முடிந்ததும் மேடையேறுவார். கேட்கும் கேள்விகளில் பாதி சொற்பொழிவாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாத படத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றால், நான் கதைச்சுருக்கத்தைப் படிப்பதே இல்லை. எல்லாமே 'இழப்பு, நினைவு, அடையாளம்' என்று ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும். முதல் இரண்டு நாட்கள் வரிசையில் நின்று காதைத் திறந்து வைத்துக்கொள்வேன். ஒருமுறை கைரளிப் படிக்கட்டில் எனக்கு முன்னால் நின்றவர் ஆற்றிங்கலில் தையல்கடை வைத்திருப்பவர். சட்டைப்பையில் அளவு நாடா சுருட்டியபடியே இருந்தது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார். விழாக் கையேட்டில் தாம் பார்த்த படங்களுக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டிருந்தார், ஒரு கோடு, இரண்டு கோடு, ஓரிடத்தில் மூன்று கோடு. மூன்று கோடு போட்ட படத்தைக் காட்டி, "இது கண்டோ?" என்று கேட்டார். பெயர்கூட வாயில் நுழையாத ஆப்பிரிக்கப் படம். மறுநாள் அதன் மறுகாட்சிக்குப் போனேன். என் வாழ்நாளில் பார்த்த நல்ல படங்களில் ஒன்று அது. பெரும்பாலான படங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காட்சி உண்டு என்பதால்தான் இது சாத்தியமாகிறது. ஆகவே வெள்ளையை நிரப்பாதீர்கள், ஞாயிறுக்கும் திங்களுக்கும் வரிசைக்காரர்கள் நிரப்பித் தருவார்கள்.

ஆலமரத்தடி – 9 டிசம்பர், பகல் 12.10

'அனோரா' விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன், அது சிறு திரையிலும் பிழைத்துக்கொள்ளும் படம். அதே நியாயத்தில் பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' படத்தையும் வெட்டிவிடலாம், ஏனென்றால் நவம்பர் 22 முதல் அது தியேட்டர்களிலேயே ஓடிவிட்டது. விழாவில் அவருக்கு 'ஸ்பிரிட் ஆஃப் சினிமா' விருது தருகிறார்கள், அவர் பேசுவதைக் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் கேளுங்கள்.

இடைவெளி நிரப்பக் குறும்படங்களைத் தேட வேண்டாம். கொரிய இயக்குநர் ஹோங் சாங்-சூவின் படங்கள் தனிப் பிரிவாக வருகின்றன. 'எ டிராவலர்ஸ் நீட்ஸ்' 90 நிமிடம்தான். பிரெஞ்சு நடிகை இசபெல் ஹூப்பேர் கொரியாவில் பிரெஞ்சு கற்றுக்கொடுத்துக்கொண்டு அரிசிக்கள் குடிக்கிறார். இந்த ஆண்டு பெர்லினில் நடுவர் குழுவின் பெரும்பரிசு பெற்றது. இரண்டு கனமான படங்களுக்கு நடுவில் அது மோர் குடித்ததுபோல் இருக்கும்.

நொய்யல் – 9 டிசம்பர், மாலை 5.45

முன்பதிவு பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு நாளின் காட்சிகளுக்கும் முந்தைய நாள் காலையில் செயலியில் முன்பதிவு திறக்கும். பேசப்படும் படங்களின் இடங்கள் நீங்கள் பல் துலக்கி முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். ஆகவே முந்தைய இரவே வரிசைக்கிரமமாக முடிவு செய்துகொண்டு, அதிகம் அடிபடும் படத்தை முதலில் பதியுங்கள். முன்பதிவு கிடைக்காவிட்டால் முன்பதிவில்லாதோர் வரிசை இருக்கிறது. சென்ற ஆண்டு அரை மணி நேரம் முன்னால் போனால் போதும் என்று நினைத்து இரண்டு படங்களைத் தவறவிட்டேன், இந்தமுறை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். ஹோங் சாங்-சூ போன்ற படங்களுக்கு அவ்வளவு நெருக்கடி இருக்காது. தொடக்கப் படம் நிசாகந்தியில் என்பதால் ஒரு குடையையும் எடுத்து வாருங்கள், டிசம்பர் மழையை நம்ப முடியாது.

மேலமாசி – 10 டிசம்பர், இரவு 9.15

திருத்திய திட்டம் இதுதான். அரங்கும் நேரமும் அட்டவணையைப் பொறுத்து மாறும்.

வெள்ளியன்று பகலில் தம்பானூர் வளாகத்திலேயே இரண்டு படங்கள், எவை என்பதைப் போய்த்தான் முடிவு செய்வேன். மாலையில் நிசாகந்தியில் 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்'. சனிக்கிழமை காலையில் ரசூலோஃப். எட்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதால் எல்லையை நடந்தே கடந்து வந்தவரின் படத்துக்குக் காலையை முழுதாகக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. அன்று பிற்பகல் ஹோங் சாங்-சூ, இரவு மலையாளப் படம் ஒன்று. ஞாயிறு காலை போட்டிப் பிரிவில் இரண்டு, மாலையில் 'போட் பீப்பிள்', அதற்குப் பிறகு அன்று எதையும் பார்க்கப்போவதில்லை. 'எ சிம்பிள் லைஃப்' திங்களன்று அமைந்தால் பார்ப்பேன். திங்களின் மற்ற கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. மொத்தம் பதின்மூன்றைத் தாண்டாது.

ஒரு சங்கடம் மட்டும் மிச்சம். பட்டியலை மனைவியிடம் காட்டினேன். இருபது படங்கள் பார்க்க நான்கு நாள் கேட்டீர்கள், பதின்மூன்று என்றால் மூன்று நாள் போதாதா என்று கேட்கிறார்.

குமரிக்காரன் – 10 டிசம்பர், இரவு 9.50

அவரையும் அழைத்து வந்துவிடுங்கள் தம்பி. பதிவு இன்னும் திறந்திருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள்.

ஞாயிறன்று போட்டிப் படங்களுக்கும் 'போட் பீப்பிள்' காட்சிக்கும் இடையில் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸில் இருப்பேன். லாரி பேக்கர் கட்டிய சுருள் செங்கல் கட்டடம், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், விசாரிக்காமலே கண்டுபிடித்துவிடலாம். தரை சரிவாகச் சுற்றி மேலே ஏறிக்கொண்டே போகும், இரண்டாவது சுற்றில் சன்னலோர மேசையில் பாருங்கள். கையேடும் பென்சிலும் வைத்திருப்பேன்.

வன்னிமழை – 10 டிசம்பர், இரவு 10.05

நானும் வருகிறேன். ஐந்து பேருக்கு இடம் பிடித்து வையுங்கள் ஐயா, ஆறாவது மேலமாசி அண்ணையின் மனைவி.